பெரிய ரெஸ்டாரன்ட்ல சாப்பிடப் போறீங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்க கல்யாண நாளுக்காக பொண்ணு ஒரு பெரிய ரெஸ்டாரன்ட்ல டேபிள் புக் பண்ணிட்டா. போட்டோல பாத்தா ஒரு தட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பூனும் ஃபோர்க்குமா வரிசை கட்டி நிக்குது. எதை எப்ப எடுக்கறதுன்னே தெரியல, பொண்ணு மானத்தை வாங்கிடுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: பயப்படவே வேணாம்மா. சாப்பாடு வர்ற வரிசைப்படிதான் அதை அடுக்கியே வெச்சிருப்பாங்க, அதனால வெளிப்பக்கம் இருக்கறதுல ஆரம்பிச்சு ஒவ்வொரு ஐட்டத்துக்கும் உள்பக்கமா வந்துட்டே இருங்க, அவ்வளவுதான். தட்டுக்கு மேல படுக்க வெச்சிருக்கறது ஸ்வீட்டுக்கு. இடது பக்கத்து குட்டித் தட்டு உங்க ப்ரெட்டுக்கு, வலது பக்கத்து க்ளாஸ் உங்களோடது, ரவுண்டு டேபிள்னா இதுலதான் பாதிப் பேருக்கு குழப்பம் வரும். நடுவுல எழுந்து போனா கத்தியையும் ஃபோர்க்கையும் தட்டுல தள்ளித் தள்ளி வைங்க, முடிச்சிட்டா ரெண்டையும் ஒண்ணா சேத்து வைங்க, சர்வர் தூரத்துலேர்ந்தே அதப் பாத்துதான் தட்டை எடுக்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணுவார். ஸ்பூன் கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்காதீங்க, சொன்னா வேற கொண்டு வருவாங்க. தப்பானதை எடுத்துட்டாலும் ஒண்ணும் ஆகாது, அடுத்த ஐட்டம் வர்றதுக்குள்ள புதுசு ஒண்ணு சத்தமில்லாம வந்து உக்காந்துடும். பொண்ணு ஆசையா கூட்டிட்டுப் போறா, அவ முகத்தைப் பாத்து சந்தோஷமா சாப்பிடுங்க.

கேள்வி: மெனு கார்டுல இருந்த விலையை மனசுக்குள்ள கூட்டிட்டுதான் ஆர்டர் பண்ணேன், ஆனா பில்லு அதைவிட ரொம்ப அதிகமா வந்துச்சு. எங்க ஏறுது?

பதில்: முதல்ல தண்ணிலயே ஆரம்பிக்குது. உக்காந்த உடனே "ஸ்டில்லா, ஸ்பார்க்ளிங்கா"ன்னு கேப்பாங்க, ஸ்டில்னா கேஸ் இல்லாத தண்ணி, ஸ்பார்க்ளிங்னா சோடா மாதிரி பொங்கறது, ரெண்டுமே பெரும்பாலும் காசு குடுத்து வாங்கற பாட்டில், சாதா தண்ணி போதும்னா அதை நீங்கதான் வாயைத் திறந்து சொல்லணும். அடுத்தது, சர்வர் வாயால சொல்ற ஸ்பெஷல் ஐட்டம், அதுக்கு கார்டுல விலை இருக்காது. மெனுல "மார்க்கெட் ப்ரைஸ்"னு, அதாவது அன்னிக்கு சந்தை விலைப்படின்னு போட்டிருந்தாலும் இதே கதைதான். "இது எவ்வளவு"ன்னு நேரா கேளுங்க, இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல, வெல கேக்காம எந்தப் பொருளையும் வாங்கமாட்டோம், சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் கூச்சம்? அப்புறம் சைட் டிஷ் தனி, வரி தனி, சர்வீஸ் சார்ஜ் சேக்கற இடம்னா அது தனி. சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டா அதுக்கு மேல டிப்ஸ் வெக்கறது உங்க இஷ்டம். டேஸ்டிங் மெனுன்னா சின்னச் சின்னதா பல ஐட்டம் வரும், விலை மொத்தமா ஒண்ணு, ஆனா டேபிள்ல இருக்கற எல்லாரும் அதையே எடுக்கணும்னு நிறைய இடத்துல சொல்வாங்க, நேரமும் ரெண்டு மூணு மணி ஆகும், சின்னப் பசங்களோட போறவங்க யோசிச்சுக்கோங்க. ஆரம்பத்துல நீங்க கேக்காமலே ஒரு வாய் அளவுக்கு ஏதோ வரும் பாருங்க, அது ஷெஃப் குடுக்கறது, அதுக்கு காசு கிடையாது.

கேள்வி: மிஷெலின் ஸ்டார்னு சொல்றாங்களே, டயர் கம்பெனிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: ரெண்டும் ஒரே கம்பெனிதான். ஜனங்க காரை எடுத்துட்டு ஊர் சுத்தினாதானே டயர் தேயும், அதுக்காக 1900ல பிரான்ஸ்ல மிஷெலின் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரு கைடு புக் போட்டாங்க. அந்த புக்ல நல்ல ரெஸ்டாரன்ட்டுக்கு ஸ்டார் குடுக்க ஆரம்பிச்சது 1926ல, ஒண்ணு ரெண்டு மூணுன்னு பிரிச்சது 1931ல. பேரை சொல்லிக்காம வந்து சாப்பிட்டுட்டு காசு குடுத்துட்டுப் போற மிஷெலின் ஆளுங்கதான் யாருக்கு ஸ்டார்னு முடிவு பண்றாங்க. ஸ்டார் குடுக்கறது தட்டுல இருக்கற சாப்பாட்டுக்கு மட்டும்தான், ஹாலோட அலங்காரத்துக்கு இல்ல.

கேள்வி: சாப்பாடு சரியில்லன்னா சொல்லலாமா?

பதில்: கண்டிப்பா சொல்லுங்க, ஆனா ரெண்டு வாய்லயே சொல்லுங்க. முழுசா சாப்பிட்டு பில்லு வந்தப்புறம் சொன்னா அவங்களால மாத்தித் தர முடியாது. சர்வரைக் கூப்பிட்டு குரலை உயர்த்தாம "உப்பு தூக்கலா இருக்கு", "உள்ள வேகல"ன்னு குறிப்பா என்னன்னு சொல்லுங்க, "நல்லால்ல"ன்னு பொதுவா சொன்னா கிச்சன்ல எதை சரி பண்றது? அலர்ஜி இருந்தா மட்டும் அங்க போய் சொல்ற கதையே வேணாம், டேபிள் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, உக்காந்தப்புறம் சர்வர்கிட்ட இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க.