சேர்த்து வைத்த அஞ்சலட்டைகளை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது, எப்படிப் பார்வைக்கு வைப்பது?

சுமார் 300 பட அஞ்சலட்டைகள் சேர்ந்துவிட்டன, அவை பெட்டிக்குள் முடங்கிக் கிடக்காமல் நாலு பேர் பார்க்கும்படி இருக்க வேண்டும், அதே சமயம் கெட்டுப்போகவும் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை என்பது எனக்கே சற்றுத் தாமதமாகத்தான் புரிந்தது. வெளிச்சத்தில் வைத்த அட்டை வெளுக்கும். இருட்டில் வைத்த அட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே அசல்களில் பெரும்பகுதி இருட்டில், நகல்களும் முறைவைத்து மாற்றும் ஒரு சில அசல்களும் சுவரில் என்று பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கற்றுக்கொடுத்தது ஒரே ஓர் அட்டை. கடலில் சூரியன் மறையும் காட்சி. சன்னலுக்கு எதிர்ச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மூன்று ஆண்டுகள் தொங்கியது. தினமும் பார்த்துக்கொண்டிருந்ததால் மாற்றம் கண்ணில் படவே இல்லை. சட்டத்தைத் துடைப்பதற்காகக் கழற்றியபோதுதான், சுற்றியிருந்த மவுண்ட் அட்டையின் (படம் தெரிய நடுவில் சன்னல்போல் வெட்டிய தடித்த அட்டை) விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த மூன்று மில்லிமீட்டர் ஓரம் மட்டும் செக்கச்செவேலென்று இருப்பதையும், நடுவிலிருந்த சூரியன் நீலம் பாய்ந்த சாம்பல் வட்டமாகிவிட்டதையும் கவனித்தேன். வண்ண அச்சில் பெரும்பாலும் மஞ்சளும் சிவப்பும் முந்தி வெளுத்து நீலமும் கறுப்பும் தங்கிவிடுகின்றன. ஒளியால் வரும் சேதம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகுமே தவிர, அட்டையை மறுபடி இருட்டில் வைப்பதால் போன நிறம் திரும்பாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இதைத் தாமதப்படுத்தும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சேதம் செய்வதால் முழுக்கத் தடுத்துவிடாது. அருங்காட்சியகங்கள் காகிதப் பொருட்களை 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவிலான மங்கிய ஒளியில் வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி, பெட்டி. அமிலமற்ற அட்டையால் செய்த பெட்டியில், ஒவ்வொன்றையும் தனி உறையிலிட்டு, நூலக அட்டைப்பெட்டியில் இருப்பதுபோல் நிமிர்த்தி அடுக்குவதே இடத்துக்கும் தேடுவதற்கும் வசதியானது. பழைய அட்டைகள் பெரும்பாலும் 9 × 14 சென்டிமீட்டர், பிற்காலத்தவை 10.5 × 14.8 சென்டிமீட்டர் என்பதால் முதலில் அளவுவாரியாகப் பிரித்துவிடுங்கள். சிறியது பெரிய உறைக்குள் ஆடிக்கொண்டே இருந்தால் மூலை மழுங்கும். வரிசை தளர்வாக இருந்தால் அட்டைகள் சரிந்து வளையும், நெருக்கினால் எடுக்கும்போது ஓரம் கிழியும். எனவே மிச்ச இடத்தை மடித்த அமிலமற்ற அட்டையால் நிரப்புங்கள். உறை பாலியெஸ்டராகவோ பாலிப்ரொப்பிலீனாகவோ இருக்கட்டும். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய் அதிலிருந்து கசிந்து காலப்போக்கில் அச்சு மையோடு ஒட்டிக்கொள்ளும். புது மழைக்கோட்டின் வாடை ஓர் உறையில் அடித்தால் அதைத் தவிர்ப்பது நல்லது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தால் இன்றைக்கே அவிழ்த்துவிடுங்கள். அதிலுள்ள கந்தகம் கறையாக்கும், ரப்பர் இளகி ஒட்டவும் செய்யும். இரும்பு கிளிப் துருப்பிடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆல்பம் பிடித்தவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை உண்டு. பசை பூசிய பக்கத்தில் அட்டையை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்து மூடும் ஆல்பங்கள் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தன. அப்படி ஒன்றிலிருந்து என் அட்டைகளை மீட்க, மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் பசைக்கும் அட்டைக்கும் இடையே நுழைத்து, மரம் அறுப்பதுபோல் மெல்ல இழுத்து இழுத்து ஒரு முழு நாளைச் செலவிட்டேன். அப்படியும் இரண்டு அட்டைகளின் பின்பக்கம் தோல் உரிந்ததுபோல் பெயர்ந்துவிட்டது. பின்பக்கம்தானே என்று விட முடியாது. 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளிவந்த முதல் அஞ்சலட்டையில் படமே கிடையாது. பின்னாளில் படம் வந்த பிறகும் பின்பக்கம் முழுவதும் முகவரிக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பிரிட்டனில் 1902-லும் அமெரிக்காவில் 1907-லும்தான் அதை நடுவில் கோடிட்டுப் பிரித்து ஒரு பாதியில் செய்தி எழுத இடம் கொடுத்தார்கள். கோடு இருக்கிறதா இல்லையா என்பதை வைத்தே ஓர் அட்டையின் காலத்தைப் பலமுறை ஊகித்துவிடலாம். அஞ்சல் முத்திரையும் கையெழுத்தும் அதற்கு மேல். எனவே இருபக்கமும் தெரியும் பாக்கெட் பக்கங்களை வாங்கி, ஒரு பாக்கெட்டில் ஓர் அட்டை மட்டும் வையுங்கள். சிக்கனத்துக்காக இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி வைப்பவர்களை எனக்குப் புரிகிறது, ஆனால் பாதிச் சேகரிப்பைத் தாங்களே மறைத்துக்கொள்கிறார்கள்.

பெட்டியோ ஆல்பமோ, அதை வைக்கும் இடம் மனிதர் வசிக்கும் அறையாக இருக்கட்டும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி, தரை, சமையலறை, பரண் எதுவும் ஏற்றதல்ல. காற்றின் ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காட்டுக்குள் அதிகம் ஏறி இறங்காமல் இருப்பது நல்லது. அளக்க ஒரு சிறிய ஈரப்பதமானி போதும். ஈரம் மிகுந்தால் பூஞ்சை வரும், காகிதத்தையும் பசையையும் தின்னும் இராமபாணப் பூச்சியும் பின்னாலேயே வரும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஈரத்தைக் குடித்துத் தீர்ந்ததும் அது வெறும் மணல்தான்.

சுவருக்கு வருவோம். பிடித்த அட்டைகளை இருபக்கமும் 600 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்செடுங்கள். கயிற்றில் மரக் கிளிப் மாட்டித் தொங்கவிடுவது, காந்தப் பலகையில் ஒட்டுவது, குளிர்பதனப் பெட்டிக் கதவை நிரப்புவது எல்லாவற்றையும் நகல்களை வைத்து மனம்போல் செய்யலாம். வந்தவர் கையில் எடுத்துப் பார்த்தாலும் பதற வேண்டாம். அசலையே காட்ட விரும்பினால் சன்னல் வெயில் படாத சுவரைத் தேர்ந்தெடுத்து, செல்லோடேப்போ பசையோ இல்லாமல் காகித மூலைகளில் செருகி, கண்ணாடி அட்டையைத் தொடாதபடி இடையில் மவுண்ட் வைத்துச் சட்டமிடுங்கள். குறிப்பாகப் புகைப்படத் தாளில் நேரடியாக எடுத்த பழைய அட்டைகளின் ஜெலட்டின் பூச்சு, ஈரம் பட்டால் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பிறகு பிரியவே பிரியாது. செய்தி சுவையாக இருந்தால் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைக்கும் இருமுகச் சட்டத்தை மேசையில் நிறுத்தலாம். லாமினேஷன் செய்வதை மட்டும் கனவிலும் நினைக்காதீர்கள்.

என் வீட்டில் ஆறு சன்னல் வெட்டிய ஒரே மவுண்ட் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்பலகையைத் திறந்து ஆறு அட்டைகளையும் மாற்றுகிறேன். பாலங்கள், கலங்கரை விளக்கங்கள், ஒரே ஆள் எழுதியவை என்று ஏதாவது ஒரு சரடு வைத்துக்கொள்வேன். இறங்கிய ஆறின் உறைகளிலும் எந்த மாதத்தில் இறங்கின என்று சிறு சீட்டு வைத்துப் பெட்டிக்கு அனுப்பிவிடுவேன். குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அவற்றுக்குச் சுவரில் இடமில்லை.