பெயரில் '#' உள்ள கோப்பு ஏறுகிறது, ஆனால் திறக்கவில்லை: 403 பிழை

உங்கள் ஆண்ட்ராய்டு செயலி 'ரசீது #12+வரி' என்ற பெயரில் ஒரு கோப்பை அமேசான் எஸ்3-இல் (அமேசானின் இணையக் கோப்புச் சேமிப்பகம்) ஏற்றுகிறது, இணைப்பைத் திறந்தால் 403 (அனுமதி இல்லை) வருகிறது என்கிறீர்கள். அனுமதியை நோண்டாதீர்கள். பக்கெட்டின் (எஸ்3-இல் கோப்புகள் இருக்கும் தொகுப்பு) பட்டியலைப் பார்க்கும் உரிமை இல்லாவிட்டால், இல்லாத கோப்புக்கும் எஸ்3 404 (கோப்பு இல்லை) சொல்லாமல் 403தான் சொல்லும். உங்கள் இணைப்பும் இல்லாத பெயரைத்தான் கேட்கிறது.

ஏற்றும்போது எஸ்டிகே (செயலியில் சேர்க்கும் அமேசானின் நிரல் தொகுப்பு) பெயரைச் சரியாகக் கையாள்கிறது. இணைப்பை நீங்களே ஒட்டித் தயாரிப்பதுதான் சிக்கல். யூஆர்எல்-இல் #-க்குப் பின்னால் உள்ளது சர்வருக்குப் போகவே போகாது. +-ஐ எஸ்3 இடைவெளி என்று படித்துக்கொள்ளும். எனவே # என்பது %23 ஆகவும், + என்பது %2B ஆகவும் போக வேண்டும். இப்படி மாற்ற ஜாவாவின் யூஆர்எல்என்கோடர் வேண்டாம், அது வெப் படிவங்களுக்கானது. ஆண்ட்ராய்டின் யூஆர்ஐ வகுப்பில் உள்ள என்கோட் போதும். ஒரே ஒருமுறை மட்டும். இரண்டாம் முறை செய்தால் %23 என்பது %2523 ஆகிவிடும்.

தமிழ்ப் பெயர் என்பதால் இன்னொன்று. 'கொ'வில் உள்ள ொ ஒரே குறியீடாகவும் வரலாம், ெ, ா என இரண்டாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், எஸ்3-க்கு வேறு வேறு கோப்பு. ஏற்றுவதற்கு முன் என்எஃப்சி வடிவத்துக்கு (இரண்டையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிவிடுங்கள். நீளமும் கவனம்: எஸ்3-இல் பெயருக்கு வரம்பு 1024 பைட், தமிழில் ஒரு குறியீட்டுக்கே 3 பைட்.

என்னைக் கேட்டால், எஸ்3-இல் யூயூஐடி (தானாக உருவாகும் தனித்துவமான அடையாள எண்) ஒன்றைப் பெயராக வைத்து, பயனர் வைத்த பெயரை டேட்டாபேஸில் போட்டுவிடுவேன். பழைய கோப்புகளை அப்படியே விடலாம், இணைப்பை மட்டும் திருத்தினால் திறக்கும்.