தமிழ் எழுத்தை அசைத்தால் ஏன் உடைகிறது? தேயிலை ரீல்ஸ் செய்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: பண்டாரவளையில் ஒரு சிறிய தேயிலைப் பிராண்டுக்கு ரீல்ஸ் செய்கிறேன். ஆங்கிலத்தில் அழகாக வரும் எழுத்து அசைவு, தமிழில் போட்டதும் மலிவாகத் தெரிகிறது. எங்கே பிழை விடுகிறேன்? வேறு ஆப் வாங்க வேண்டுமா?

பதில்:

ஆப் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நீங்கள் எடுக்கும் டெம்ப்ளேட், ஓர் எழுத்து என்றால் ஒரே துண்டு என்று நினைத்துச் செய்யப்பட்டது. தமிழில் அப்படி இல்லை. பிரச்சினையில் முக்கால்வாசி அங்கேதான் இருக்கிறது.

ஹட்டனில் சின்னக் கடைகளுக்கும் தேயிலை பக்கெட் போடுபவர்களுக்கும் வீடியோ செய்து கொடுப்பது என் தொழில். தொடங்கிய புதிதில் ஒரு தேயிலைக்காரருக்காக "கொழுந்து" என்ற சொல்லை டைப்ரைட்டர் அசைவில், அதாவது தட்டச்சு செய்வதுபோல் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி, போட்டேன். அவருடைய அம்மா பல வருடம் மலையில் கொழுந்து எடுத்தவர். மகனின் போனில் பார்த்துவிட்டு, "ஏம்மா, எழுத்து நொண்டுதே?" என்று கேட்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"கொழுந்து" நமக்கு நான்கு எழுத்து. கணினியும் போனும் எழுத்தைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் அது எட்டுத் துண்டு: க, அதற்கு ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ந, புள்ளி, த, மறுபடி உகரக் குறி. டைப்ரைட்டர் அசைவு இந்த எட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டுகிறது. முதலில் "க" வரும். அடுத்த நொடியில் அதற்கு முன்னால் ஒரு கொம்பு முளைத்து, "க" வலப்பக்கம் தள்ளப்படும். "த" வந்து நின்று, பிறகு உருமாறி "து" ஆகும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் கண் இடறும். அந்த அம்மா சொன்னது அதைத்தான்.

இதற்கு நான் செய்வது மிக எளிது. எழுத்தாக அசைக்காமல் சொல்லாக அசைக்கிறேன். கணினியில் அசைவு செய்யும் மென்பொருளான ஆப்டர் எஃபெக்ட்ஸில் டெக்ஸ்ட் அனிமேட்டரின் ரேஞ்ச் செலக்டரில் எழுத்து என்பதை மாற்றிச் சொல் என்று வைக்கலாம். கேப்கட் மாதிரி ஆப்களில் ஒவ்வொரு சொல்லையும் தனி டெக்ஸ்டாகப் போட்டு, சில ஃபிரேம் இடைவெளி விட்டு அடுக்குங்கள். டைப்ரைட்டர்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் நின்றால், கையால் செய்யுங்கள்: "கொ", "கொழு", "கொழுந்", "கொழுந்து" என்று நான்கு கீஃபிரேம் (மாற்றம் நடக்கும் இடத்தைக் குறிக்கும் புள்ளி). ஐந்து நிமிட வேலை. பலன் பெரிது.

ஆப்டர் எஃபெக்ட்ஸில் வேலை செய்கிறீர்கள் என்றால், அமைப்புகளில் தெற்காசிய மொழிகளைக் கையாளும் டெக்ஸ்ட் எஞ்சின் (எழுத்தைச் சேர்த்து வரையும் பகுதி) தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது இல்லாவிட்டால் கொம்பு தன் இடத்தில் நிற்காமல் போகலாம்.

அப்புறம் பாமினி, யூனிகோடு அல்லாத பழைய தமிழ் ஃபான்ட். அச்சகத்தில் லேபல் அடித்தபோது கொடுத்த வாசகம் பெரும்பாலும் அந்த ஃபான்டில்தான் நம் கைக்கு வரும். அதில் "கொ" என்பது கொம்பு, க, கால் என்று மூன்று தனி வரிவடிவங்கள். அதை அசைத்தால் மூன்றும் மூன்று நேரத்தில் வந்து விழும். முதல் வேலையாக யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ல, ள, ழ மூன்றையும் ஒருமுறை சரிபாருங்கள். ஃபான்டுக்குக் கவலை வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், பலூ தம்பி எல்லாம் இலவசம்.

ஆங்கில விளம்பரங்களில் எழுத்துகள் மெதுவாக விலகி அகலமாகும் அசைவு ஒன்று இருக்கிறது. தமிழில் அதைத் தொடவே வேண்டாம். இடைவெளி கூடியதும் "தே" என்பதில் கொம்பு ஒரு பக்கமும் "த" ஒரு பக்கமும் போய்விடும். "தேயிலை" என்ற சொல்லே சிதறி நிற்பதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. அதே கம்பீரம் வேண்டுமென்றால் சொல் முழுவதையும் 100 சதவீதத்திலிருந்து 104 சதவீதம் வரை மிக மெதுவாகப் பெரிதாக்குங்கள்.

கோட்டுக்குக் கீழிருந்து சொல் எழும்பி வருகிற மாஸ்க் அசைவு (ஒரு பெட்டிக்குள் இருப்பது மட்டும் தெரியும், வெளியே இருப்பது மறையும்) தமிழுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் மாஸ்க் பெட்டியை ஆங்கில அளவில் வைக்காதீர்கள். "ழு", "கு" கீழே இறங்கும், "ரீ", "கி" மேலே ஏறும். மேலும் கீழும் தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் புள்ளியும் சுழியும் வெட்டுப்படும்.

வேகம் பற்றி ஒன்று. ஹட்டன் ஸ்டேஷனுக்குள் ரயில் வருவதைப் பாருங்கள், சட்டென்று நிற்காது, வேகம் குறைந்து குறைந்து வந்து நிற்கும். சொல்லும் அப்படித்தான் வந்து நிற்க வேண்டும். நொடிக்கு 30 ஃபிரேம் வீடியோவில் 12 ஃபிரேம், அதாவது 0.4 நொடி, எனக்குச் சரியாக இருக்கிறது. தொடக்கம், முடிவு என்ற இரண்டு கீஃபிரேமையும் தேர்ந்து ஈசி ஈஸ் (வேகத்தை மெதுவாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) கொடுத்த பிறகு, வேகத்தைக் காட்டும் கிராஃபில் கடைசிப் பக்கத்தின் வளைவை இன்னும் நீட்டுங்கள். துள்ளல் அசைவு ஒரு வீடியோவுக்கு ஒரு தடவை போதும். தேயிலைக்கு அதுவும் வேண்டாம் என்பது என் கருத்து. வந்து நின்ற வரியை வாய்விட்டு நிதானமாக ஒருமுறை வாசித்து, அதற்கு மேலும் அரைப் பங்கு நேரம் திரையில் வைத்திருங்கள்.

பின்னணியையும் யோசியுங்கள். தேயிலைச் செடி முழுக்கச் சின்னச் சின்ன இலை. அதன் மேல் மெல்லிய எழுத்தைப் போட்டு ஏற்றினால், தளம் வீடியோவைச் சுருக்கும்போது எழுத்தின் ஓரமெல்லாம் கலங்கிவிடும். நம் மலையில் விடியற்காலைப் பனிமூட்டம் இருக்கிறதே, அதைவிட நல்ல பலகை கிடைக்காது. படம் எடுக்கும்போதே மேல் பாதியில் மூட்டத்துக்கு இடம் விட்டு எடுத்து, எழுத்தை அங்கே வையுங்கள். 1080க்கு 1920 செங்குத்துச் சட்டத்தில் அடிப்பகுதியைக் கணக்கின் பெயரும் கேப்ஷனும் மூடிவிடும், வலது ஓரத்தில் லைக் பொத்தான்கள் நிற்கும். அங்கே பிராண்டின் பெயரைப் போடாதீர்கள்.

சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஒரே திரையில் கேட்பார்கள். அப்போது எப்போதும் தமிழ்தான் அடியில் பொடியாகப் போகும். கொழுந்தைக் கிள்ளிய கைகளின் மொழி அது. மூன்று தனி வீடியோவாகச் செய்யலாம் என்று கேட்டுப் பாருங்கள். அசைவுகள் தயாராக இருப்பதால் வாசகத்தை மாற்றி நேரத்தைச் சரி செய்தால் போதும். நான் அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

எந்த ஆப் என்ற கேள்விக்கு: கையில் இருக்கும் ஆப்பில் "கொழுந்து" என்று டைப் செய்து, சொல் அசைவு கொடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். கொம்பு எங்கும் தனியாக நிற்கவில்லை என்றால் அந்த ஆப்பே போதும். முடித்த வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, வெயிலில் நின்று, சின்ன போனில் ஒருமுறை பார்த்த பிறகு அனுப்புங்கள்.