வெள்ளைபடுதலும் வினாகிரியும்: வாசகியர் கேள்விகள்

பொகவந்தலாவை வாசகி: பிறப்புவழியில் அமிலத்தன்மை திரும்பத் தயிர் தடவலாமா?

தயிர் சாப்பிடுவதற்கு.

ஹட்டன், 34 வயது: மீன் வாடை வருகிறது. வினாகிரி கலந்த நீரால் தினமும் உள்ளே கழுவுகிறேன். அமிலம் குறைந்த இடத்தில் அமிலம் ஊற்றுவது சரிதானே?

சரியில்லை. வினாகிரி, தேசிக்காய், கிருமிநாசினி என்று மாதந்தோறும் யாராவது எதையாவது ஊற்றிவிட்டுத்தான் எனக்கு எழுதுகிறார்கள். அங்கே அமிலத்தை உண்டாக்குவது லக்டோபசிலஸ் என்ற நல்ல பக்டீரியா. பிறப்புவழிச் சுவரிலுள்ள கிளைக்கோஜன்தான் அதற்குத் தீனி. அதை வைத்து லக்டிக் அமிலம் தயாரித்து பி.எச். அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; எண் ஏறினால் அமிலம் குறைவு) 4 பக்கமாக வைத்திருக்கிறது. நீங்கள் ஊற்றும் அமிலம் நிலைப்பதில்லை. நல்ல பக்டீரியாவோ அலசலோடு போய்விடுகிறது. வாடை கூடுகிறது, நீங்கள் இன்னும் கழுவுகிறீர்கள். கிருமி கருப்பை வரை ஏறவும் இது வழி திறக்கும். உள்ளே கழுவாதீர்கள். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும், வாசனைச் சவர்க்காரமும் வேண்டாம்.

உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் பக்டீரியல் வஜினோசிஸ், அதாவது நல்ல பக்டீரியா குறைந்து மற்றவை பெருகிய நிலை. பி.எச். 4.5ஐத் தாண்டியிருக்கும். பரிசோதித்த வைத்தியர் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம், காலை மாலை, ஏழு நாள் போலத் தருவார். மூன்றாம் நாளே வாடை போனாலும் நிறுத்தாதீர்கள். லக்டிக் அமில ஜெல்லும் உண்டு. பிரித்தானியாவில் இரண்டையும் ஒப்பிட்டதில் மாத்திரையால் நூற்றுக்கு 70 பேருக்கும், ஜெல்லால் 50க்குச் சற்றுக் குறைவானவர்களுக்கும் குணம் தெரிந்தது. முதலில் மாத்திரைதான்.

தலவாக்கலை: பக்கத்துக் காம்பராவில் மீந்த மாத்திரையைச் சாப்பிட்டேன், அரிப்பு நிற்கவில்லை. ஏன்?

வயது, கர்ப்பமா இல்லையா, மாத்திரையின் பெயர் எதுவுமே கடிதத்தில் இல்லை. "வெள்ளையாக, வட்டமாக இருந்தது" என்றால் கடையிலுள்ள பாதி மாத்திரைகள் அப்படித்தான்! அரிப்போடு திரிந்த பால் போல வெள்ளைபட்டால் அது பங்கசு. அதில் அமிலத்தன்மை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். மெட்ரோனிடசோல் அதற்குக் கேட்காது. குளோட்ரிமசோல் உள்வைப்பு மாத்திரை வேண்டும். அடிக்கடி வந்தால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். மழை நாளில் படங்குக்கு அடியில் நனைந்த உடுப்போடு மாலை வரை கொழுந்து எடுப்பதும் பங்கசுக்குத் தோதுதான்.

மஸ்கெலியா: போரிக் அமிலம் நல்லது என்கிறார்களே, கரம் பலகைக்குப் போடும் பவுடர்தானே?

பலகைக்கே போடுங்கள். திரும்பத் திரும்ப வரும் தொற்றுக்குச் சில வைத்தியர்கள் அளந்த குளிசையாக உள்ளே வைக்கச் சொல்வதுண்டு. வாயில் போட்டால் நஞ்சு. கர்ப்பிணிகளுக்குக் கூடவே கூடாது.

பண்டாரவளை, 56 வயது: மாதவிடாய் நின்றபின் வறட்சி, எரிச்சல். கழுவினால் ஆறுமா?

ஆறாது, உள்ளே கழுவாதீர்கள். ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோன் குறைந்ததால் லக்டோபசிலஸுக்குத் தீனி இல்லை, பி.எச். 5ஐத் தாண்டிவிடும். உள்ளே பூசும் ஈஸ்ட்ரஜன் கிறீம் அந்த அமிலத்தை மீட்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புத்தளை: எனக்கு வஜினோசிஸ் திரும்பத் திரும்ப வருகிறது. கணவருக்கும் மருந்தா?

முன்பு வேண்டாம் என்றோம். 2025இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில், துணைவருக்கும் ஒரு வாரம் மாத்திரையும் கிறீமும் கொடுத்தபோது மூன்று மாதத்துக்குள் திரும்ப வருவது நூற்றுக்கு 60 சொச்சத்திலிருந்து 35 ஆகக் குறைந்தது. உடலுறவால் தொற்றும் ட்ரைக்கோமோனஸ் கிருமி என்றால் கேள்வியே இல்லை, இருவருக்கும் மருந்து. அடுத்த முறை அவரையும் அழைத்துப் போங்கள்; வெளியே பெஞ்சில் உட்கார வைக்காமல் வைத்தியரின் அறைக்குள்ளேயே.