வண்ண வண்டுகளைத் தேடுவதும் படமெடுப்பதும்: கேள்வி பதில்

கேள்வி: சிறுவயதில் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த பொன்வண்டை இப்போது எங்கே தேடுவது?

பதில்: வண்டைத் தேடாமல் அது தின்னும் மரத்தைத் தேடுங்கள். மழை பெய்து தளிர் விட்டிருக்கும் வேல மரங்களையும் கொடுக்காப்புளியையும் வெயில் ஏறுமுன் பாருங்கள். கிளை அசைந்தால் கால்களை மடக்கிக் கீழே விழுந்து செத்ததுபோல் கிடந்துவிடும் என்பதால், கிளையைத் தொடாமலே நெருங்க வேண்டும். அதன் புழுப்பருவம் மண்ணுக்குள் வேர்களைத் தின்று கழிகிறது. நம் கண்ணில் படுவது முட்டையிட வேண்டிய கடைசிச் சில வாரங்கள்தாம். ஆகவே இனிப் பெட்டியில் அடைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: பொன்வண்டைப் படமெடுத்தால் பச்சை நிறம் வராமல் முதுகில் வெள்ளைத் திட்டு மட்டுமே விழுகிறது. ஏன்?

பதில்: அந்தப் பச்சை சாயம் அன்று, ஓட்டிலுள்ள மிக மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. ஃபிளாஷ் நேராகப் பட்டால் கண்ணாடியில் பட்டதுபோல் வெளுத்துவிடும். ஃபிளாஷுக்கும் வண்டுக்கும் இடையில் டிரேசிங் தாளைப் பிடித்து ஒளியைப் பரப்புங்கள். கேமராவில் ஒளி நுழையும் துளையளவு எஃப் 8 முதல் 11 வரையும், ஷட்டர் வேகம் நொடியில் 200இல் ஒரு பங்கும் எனக்குப் பெரும்பாலும் போதுமானவை. கைப்பேசியானால் நிழலில் எடுங்கள். வெயிலில் வெள்ளைக் குடையைப் பிடித்தால், அந்த வெண்மையே முதுகில் மென்மையாகப் படியும். வண்டின் மட்டத்துக்குக் குனிந்து, கண்ணில் குவியம் (ஃபோகஸ்) வையுங்கள்.

கேள்வி: சர்க்கரைவள்ளி இலையில் கண்ட தங்க நிற வண்டு இறந்ததும் மங்கிவிட்டதே?

பதில்: அது ஆமை வண்டு. ஓட்டின் அடுக்குகளில் ஈரம் இருக்கும்வரைதான் அந்தப் பொன்னிறம், உலர்ந்ததும் போய்விடும். அதைச் சேகரித்து வைக்கவே முடியாது, படமாக மட்டுமே வைத்துக்கொள்ள முடியும்.

கேள்வி: வெண்டைப் பூவைத் தின்னும் கருப்பு, ஆரஞ்சுப் பட்டை வண்டைக் கையில் எடுக்கலாமா?

பதில்: கூடாது. அதன் உடலில் ஊறும் கேந்தரிடின் என்ற நச்சுப்பொருள் தோலில் கொப்புளம் எழுப்பும். அவசரமாக ஓடாத வண்டு என்பதால், பூவிலேயே நிதானமாகப் படமெடுக்கலாம்.

கேள்வி: குளிர்பதனப் பெட்டியில் வைத்து மந்தமாக்கி எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். விடியற்காலைக் குளிரே அந்த வேலையைச் செய்துவிடும். மேலும், இலையிலிருந்து பிரித்த வண்டின் படம் அது எதைத் தின்கிறது என்பதைச் சொல்லாது. முதுகு, பக்கவாட்டு, முகமும் உணர்கொம்பும், பிறகு செடியின் இலை என நான்கு படங்கள் இருந்தால், இனம் காண்பது பெரிதும் எளிதாகும்.