கடைசிப் போட்டியின் தேதியை நீங்களே குறியுங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. 19 ஆண்டுகளாக 400 மீட்டர் தடை ஓட்டம் ஓடுகிறேன். முன்பு ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் நடுவே 15 ஸ்டெப் வைப்பேன். இப்போது ஐந்தாவது தடையைத் தாண்டியதுமே 17 ஆகிவிடுகிறது. இடது குதிகாலில் ஓயாத வலி. போட்டிக்கு முன் ஊசி போட்டுக்கொண்டுதான் ஓடுகிறேன். இரண்டு சீசனாகத் தகுதி நேரத்தைத் தொட முடியவில்லை. ரிலே அணியில் என் இடத்தை 18 வயதுப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, அவளுக்கு நீயே சொல்லிக்கொடு என்கிறார் கோச். எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ‘போதும், விட்டுவிடு’ என்று கணவர் சொன்னால் கோபம் பொங்குகிறது. குத்துச்சண்டை வீரர் ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் பட்டம் வெல்லவில்லையா? இன்னும் ஒரே ஒரு சீசன் முயன்று பார்த்தால் என்ன? இதை விட்டுவிட்டால் நான் யார் என்றே தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

மற்றதெல்லாம் பிறகு பேசலாம். முதலில் அந்த ஊசி.

என்ன மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. அது ஸ்டீராய்டாக இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த தசைநாண்தான் ஓடும்போதும் தாண்டும்போதும் உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அதன் அருகே ஸ்டீராய்டு செலுத்தினால் அது அறுந்துபோகும் அபாயம் கூடும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். வெறும் மரத்துப்போகும் ஊசியாக இருந்தாலும் நல்லதல்ல. வலி என்பது உடல் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கிவிட்டு பத்துத் தடைகளைத் தாண்டினால், புண்பட்ட இடம் மேலும் புண்படும். தசைநாண் அறுந்தால் மீண்டும் ஓட மாதக்கணக்கில் ஆகும். சிலருக்குப் பழைய வேகம் திரும்பவே திரும்பாது. உங்கள் அணியோடு தொடர்பில்லாத ஒரு விளையாட்டு மருத்துவரிடம் போங்கள். அடுத்த போட்டி எப்போது என்பதைச் சொல்லாமல், இதுவரை என்ன செலுத்தியிருக்கிறார்கள், ஸ்கேனில் என்ன தெரிகிறது என்று மட்டும் கேளுங்கள். போட்டித் தேதியைச் சொல்லிவிட்டால் பேச்சு முழுக்க அந்தத் தேதியைச் சுற்றியே போய்விடும்.

இனி ஃபோர்மன். 1977-இல் குத்துச்சண்டையை விட்டவர், பத்து ஆண்டுகள் கழித்து 1987-இல் திரும்பி வந்தார். 1994-இல் மைக்கேல் மூரரை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டத்தைப் பிடித்தார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தச் சண்டை நடந்த விதத்தையும் பாருங்கள். ஒன்பது சுற்றுகள் முடிந்தபோது அவர் புள்ளிகளில் பின்தங்கியிருந்தார். பத்தாவது சுற்றில் விழுந்த குத்துதான் பட்டத்தைத் தந்தது. குத்தின் கனம் வயதானாலும் கடைசிவரை நிற்கும் ஒன்று. அது போதும் என்று அவரால் காத்திருக்க முடிந்தது. உங்கள் ஓட்டத்தில் காத்திருக்க இடமே இல்லை. தடைக்குத் தடை 35 மீட்டர். அதில் தாண்டும் தூரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 15 ஸ்டெப் 17 ஆனது என்பதற்கு ஒவ்வொரு அடியிலும் ஏறக்குறைய கால் மீட்டர் குறைந்துவிட்டது என்று பொருள். இது உங்கள் சோம்பலாலோ மனத்துணிவு குறைந்ததாலோ வந்ததல்ல. முப்பதுகளில் வேகமாகச் சுருங்கி விரியும் தசைநார்கள் மெலியத் தொடங்குகின்றன. கடும் பயிற்சிக்குப் பிறகு உடல் தேறவும் கூடுதல் நாள் கேட்கிறது. பயிற்சி அந்த இறக்கத்தை மெதுவாக்கும். நிறுத்தாது. பதினாறுக்கு மாறினால் கால் மாற்றித் தாண்ட வேண்டும் என்பதால் நேராகப் பதினேழுக்குப் போயிருக்கிறீர்கள். அந்தக் கணக்கைப் போட்டபோதே உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆகவே என் கருத்தைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இன்னொரு முழு சீசன் வேண்டாம். ஆனால் இன்னும் ஒரு போட்டி வேண்டும்.

19 ஆண்டுகள் உழைத்த ஒருவர், தகுதிப் பட்டியலில் பெயர் இல்லாத ஒரு நாளில் சத்தமில்லாமல் வெளியேறிவிடக் கூடாது. நீங்கள் நாள் குறிக்காவிட்டால் காயமோ தேர்வுக்குழுவோ குறித்துவிடும். அந்த வலியைத்தான் பலர் ஆண்டுக்கணக்கில் சுமக்கிறார்கள். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-லும் 2021-லுமாக முழங்காலில் மூன்று அறுவைச் சிகிச்சைகள். 2022 செப்டம்பரில், 41 வயதில், இதுதான் கடைசி என்று முன்கூட்டியே அறிவித்தார். ஒற்றையர் ஆட முழங்கால் இடம் தராது என்பதால் இரட்டையர் ஆடினார். பக்கத்தில் நின்று ஆடியவர் அவருடைய வாழ்நாள் போட்டியாளர் நடால். அந்த ஆட்டத்தில் இருவரும் தோற்றார்கள். அதை இன்று யார் கணக்கில் வைக்கிறார்கள்? உடல் எவ்வளவு தருமோ அந்த அளவுக்குத் தன் கடைசி ஆட்டத்தை அவர் அமைத்துக்கொண்டார்.

நீங்களும் அப்படிச் செய்யலாம். நல்ல நேரம் வருகிறதா, எத்தனையாவதாக வருகிறோம் என்ற கணக்கில்லாத சிறிய போட்டி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ‘இது என் கடைசிப் போட்டி’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கோச்சிடம், அணியிடம், வீட்டில். முதன்முதலில் உங்களுக்கு ஸ்பைக் ஷூ வாங்கித் தந்தவர் இருந்தால் அவரையும் அழையுங்கள். தடை தாண்ட மருத்துவர் சம்மதிக்கவில்லையா, தடையில்லாத 400 மீட்டர் ஓடுங்கள். அதற்கும் சம்மதமில்லை என்றால் அணியோடு வந்து வார்ம் அப் செய்து, ஒரு சுற்று நடந்துவிட்டு விடைபெறுங்கள். ஊசி போட்டுக்கொண்டு மட்டும் ஓடாதீர்கள்.

‘நான் யார் என்றே தெரியவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தில் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்த வரி அதுதான். பதினெட்டு வயதிலிருந்து எப்போது எழ வேண்டும், எப்போது தூங்க வேண்டும், செவ்வாய்க்கிழமை எத்தனை சுற்று, வியாழக்கிழமை எவ்வளவு எடை என்று எல்லாவற்றையும் ஒரு தாள் சொல்லியிருக்கிறது. அதைவிடப் பெரிது, ஒவ்வொரு நாளும் ஸ்டாப்வாட்ச் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. நேற்றைவிட இன்று மேலா கீழா என்பது பத்து மணிக்குள் தெரிந்துவிடும். வேறு எந்த வேலையிலும் இவ்வளவு நேர்மையான பதில் இவ்வளவு சீக்கிரம் கிடைப்பதில்லை. அலுவலகத்தில் ஒரு வேலையை நன்றாகச் செய்தோமா என்பது ஆறு மாதம் கழித்தும் தெரியாமல் போகலாம். குடும்பத்தில் அது தெரியவே தெரியாது. அந்தத் தெளிவை இழக்கப்போகிறீர்கள், அது பெரிய இழப்புதான். ‘இதெல்லாம் ஒரு விஷயமா’ என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள்.

இன்னும் சில பதக்கங்கள் வென்றிருந்தால் விடுவது சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றும். நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிந்தபோது 22 பதக்கங்களோடு நின்றார். ஒலிம்பிக்ஸ் வரலாற்றில் அதுவரை அத்தனை யாரும் பெற்றதில்லை. அதன் பிறகுதான் அறையை விட்டு வெளியே வராமல், உயிரோடு இருக்கவே பிடிக்காமல் கிடந்ததாகப் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். உதவி கேட்டார், மீண்டார். ஆகவே தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

பயிற்சியை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். 19 ஆண்டுகள் பழகிய இதயமும் தூக்கமும் மனநிலையும் திடீர் நிறுத்தத்தைத் தாங்காமல் தடுமாறும். சில மாதங்களில் படிப்படியாகக் குறையுங்கள். காலை நேரத்தை மட்டும் கைவிடாமல் நீச்சல், சைக்கிள் என்று குதிகாலை வருத்தாத எதையாவது செய்யுங்கள். கொஞ்ச காலத்துக்கு ஸ்டாப்வாட்ச் வேண்டாம்.

ஓட்டம் அதோடு முடிந்துவிட வேண்டும் என்பதில்லை. மாஸ்டர்ஸ் தடகளம் 35 வயதில் தொடங்குகிறது. ஐந்து ஐந்து வயதாகப் பிரிவுகள். அதன் உலகப் போட்டி 1975 முதல் நடக்கிறது, அதில் கலந்துகொள்ளத் தகுதி நேரம் எதுவும் கேட்பதில்லை. ஐம்பது வயது வரை பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டமே இருக்கிறது. ஆனால் இந்த ஆண்டு போகாதீர்கள். இப்போது போனால் 25 வயதில் ஓடிய உங்களையே துரத்திக்கொண்டு ஓடுவீர்கள். குதிகால் ஆறட்டும், ஓடும் ஆசை தானாகத் திரும்பி வரட்டும்.

அந்த 18 வயதுப் பெண்ணைப் பற்றி. உங்கள் இடத்தை அவள் பிடுங்கவில்லை. காலியான இடத்தில் கோச் நிறுத்தினார். அவள்மீது பொறாமை வருவதற்காக வெட்கப்பட வேண்டாம். விளையாட்டை விடுகிறவர்களிடம் உடனே ‘கோச் ஆகிவிடு’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்றாக ஓடியவர்கள் எல்லாருக்கும் நன்றாகச் சொல்லிக்கொடுக்க வராது. அது தனியாகக் கற்க வேண்டிய தொழில், பொறுமையும் வேறு வேண்டும். மனதில் கசப்போடு சொல்லிக்கொடுத்தால் அது அந்தப் பெண்ணுக்கும் கெடுதல். ‘ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்’ என்று கோச்சிடம் சொல்லிவிடுங்கள். அதுவரை அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் ஒரு வார்த்தை பேசுங்கள், போதும். உங்கள் மௌனத்துக்குத் தான் என்ன தவறு செய்தோம் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கக் கூடும்.

உங்கள் கணவரின் ‘போதும்’ உங்கள் 19 ஆண்டுகளையும் சேர்த்து ஒதுக்குவதுபோல் உங்கள் காதில் விழுகிறது. அவர் ஒருவேளை ஊசியைப் பார்த்துப் பயந்து சொல்லியிருக்கலாம். எனக்கு எழுதிய கடிதத்தை அவரிடமும் படிக்கக் கொடுங்கள்; மருத்துவரிடம் போகும்போது கூட அழைத்துப் போங்கள். இந்த வாரமே போங்கள். ஸ்கேனில் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள். கடைசிப் போட்டியில் தடை ஓட்டமா, வெறும் 400 மீட்டரா என்பதை அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.