அக்காவிடம் கேளுங்கள்: தங்கையின் டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு

கேள்வி: என் தங்கைக்கு வயது 23, கல்யாணம் ஆகவில்லை. மாதவிடாய் மூன்று வாரம் தள்ளிப்போய், டெஸ்ட் கிட்டில் இரண்டு கோடு விழுந்துவிட்டது. பழகிய பையன் இப்போது போனை எடுப்பதே இல்லை. என்னிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். கூட வேலை செய்யும் தோழி ஒருத்தி, கத்தோலிக்கர்கள் நடத்தும் கர்ப்பகால ஆலோசனைச் சேவைக்குப் போகச் சொல்கிறாள். நாங்கள் இந்துக்கள். மதம் மாறச் சொல்வார்களா? அம்மா அப்பா காதுக்குப் போய்விடுமா? மூன்று வாரக் கருதானே, யோசிக்க நிறைய நேரம் இருக்கிறதுதானே அக்கா?
(பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது மூன்று வாரக் கரு இல்லை அம்மா. கடைசியாக மாதவிடாய் வந்த முதல் நாளிலிருந்துதான் டாக்டர்கள் வாரத்தை எண்ணுவார்கள். மாதாமாதம் நாலு வாரத்துக்கு ஒருமுறை வருகிறவள் என்றால், மேலே மூன்று வாரம் தள்ளிப்போனதையும் சேர்த்து இப்போது ஏழு வாரம். இந்த வாரமே ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போய் ஸ்கேன் எடுத்து உறுதி செய்துகொள்ளுங்கள். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடுமையான வலியோ ரத்தப்போக்கோ இருந்தால் கிளினிக்குக்கும் காத்திருக்காதீர்கள், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து.

சரி, அந்தச் சேவைக்கு வருவோம். இங்குள்ள கத்தோலிக்க மறைமாவட்டத்தைச் சேர்ந்த பேமிலி லைஃப் சொசைட்டி நடத்துவதைத்தான் உங்கள் தோழி சொல்கிறாள் என்று நினைக்கிறேன். எந்த மதத்தவரும், எந்த இனத்தவரும் போகலாம், பணம் வாங்க மாட்டார்கள், பேசுவதை ரகசியமாக வைத்துக்கொள்வார்கள். பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்குப் பிரசவம் வரையிலும் அதற்கப்புறமும் துணையாக நிற்பார்கள், தத்துக் கொடுப்பதைப் பற்றியும் பேசலாம். ஆனால் ஒன்றை நீங்கள் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். கருவான நொடியிலிருந்தே அது ஓர் உயிர் என்பது அவர்கள் நம்பிக்கை, அதனால் கருக்கலைப்புக்கு ஏற்பாடு செய்து தரமாட்டார்கள். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. போன் செய்யும்போதே "அவள் இன்னும் எந்த முடிவும் எடுக்கவில்லை, முதலில் அவளைப் பேச விடுவீர்களா?" என்று கேளுங்கள். பதில் வரும் தோரணையிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் புளோக்கிலிருந்த ஒரு பெண்ணை இதே மாதிரி ஓர் ஆலோசகரிடம் நான் அழைத்துப் போனேன். அதற்கு முந்தின நாள் ஒரு கிளினிக்கில், கவுன்டரில் இருந்த பெண் எதற்கு வந்தீர்கள் என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி கேட்க, இவள் வாயே திறக்காமல் திரும்பி வந்துவிட்டாள். ஆலோசகர் அறையில் முதல் அரைமணி நேரம் கையிலிருந்த டிஷ்யூவைப் பிய்த்துப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டே இருந்தாள். அந்த அம்மா அவசரப்படுத்தவே இல்லை, கடைசியில் "காலையில் ஏதாவது சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்டார். அதற்கப்புறம்தான் அழுகையே வந்தது, பேச்சும் வந்தது. உங்கள் தங்கைக்கும் இப்போது வேண்டியது அப்படி ஒரு நாற்காலியும், எதிரே பதறாத ஒரு முகமும்தான்.

கலைப்பதைப் பற்றியும் அவள் யோசிக்கிறாள் என்றால், அதற்கான ஆலோசனை வேறு. சட்டப்படி இங்கே 24 வாரம் வரை அனுமதி உண்டு. முன்னதாக ஆலோசனை கட்டாயம், அதற்குப் பிறகு 48 மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். 2015இலிருந்து இந்தக் கட்டாய ஆலோசனை எல்லாப் பெண்களுக்கும் பொருந்தும். அந்த 48 மணி நேரத்தைத் தொல்லையாக நினைக்காமல் அவளுக்குக் கிடைத்த அவகாசமாக நினைக்கச் சொல்லுங்கள். பெற்றோர் கையெழுத்துத் தேவையில்லை, சிகிச்சை விவரத்தை வெளியே சொல்வது குற்றம். ஆக, அம்மா அப்பா காதுக்கு அங்கிருந்து போகாது. எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். பாசத்தில்கூட நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பையன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, அவசர அவசரமாகத் தாலி கட்ட வைக்கும் வேலையும் வேண்டாம். போனையே எடுக்காதவனிடம் அவளை ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: என் மகள் கல்யாணம் ஆகாமலே குழந்தை பெற்றுக்கொள்ளப் போகிறாள். வேலையிடத்தில் பிரசவ விடுப்பு கிடைக்குமா?
(ஒரு தந்தை, உட்லண்ட்ஸ்)

பதில்: கிடைக்கும் ஐயா. 2017 ஜனவரி 1 முதல் மணமாகாத தாய்மாருக்கும் 16 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. பிறக்கும் குழந்தை சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும், அவள் அதே முதலாளியிடம் பிரசவத்துக்கு முன் மூன்று மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். குழந்தையின் பெயரில் மேம்பாட்டுக் கணக்கும், அதாவது குழந்தையின் செலவுகளுக்கான சிறப்புச் சேமிப்புக் கணக்கும், திறக்கலாம். அரசாங்கம் தரும் குழந்தை போனஸ் ரொக்கம் மட்டும் மணமாகாத தாய்மாருக்குக் கிடையாது, அது எனக்கு இன்றுவரை உறுத்தலாகத்தான் இருக்கிறது. அப்பா நீங்களே இதைக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டுங்கள்.